புது டிமார்ட்டா, அண்ணாச்சி கடையா? மாசச் சாமான் கணக்கு

04.10.2025, காலை: கேள்வி

எங்க ஊர் பைபாஸில் டிமார்ட் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். மாசச் சாமான் மொத்தமும் அங்கேயே எடுத்தோம். பில் 4,860. அடியில் 1,012 ரூபாய் சேமிப்பு என்று அடித்திருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியாகவே இருக்கட்டும், ஆயிரம் ரூபாய் மிச்சம் சும்மாவா? இனி தெருமுனை அண்ணாச்சி கடைக்கு எதுக்குப் போகணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

04.10.2025, இரவு

அந்த 1,012 எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்த கணக்கு. அண்ணாச்சி எல்லாவற்றையும் எம்.ஆர்.பி.க்கு விற்றால்தான் அது உங்கள் மிச்சம். மாசச் சாமான் சீட்டு எழுதிக் கொடுக்கிற வீட்டுக்கு எந்த மளிகைக் கடையும் அப்படி பில் போடாது. ஒரு டீத்தூள் பாக்கெட் எம்.ஆர்.பி. 240, அங்கே 205, அண்ணாச்சியிடம் 225 என்று வையுங்க. பில் 35 மிச்சம் என்று சொல்லும். உங்களுக்கு நிஜமாக மிஞ்சியது 20.

வெளிநாட்டுக் கம்பெனி என்பதும் சரியில்லை. டிமார்ட்டை நடத்துவது மும்பையின் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ராதாகிஷன் தமானி ஆரம்பித்தது, முதல் கடை 2002-ல் பவாய். 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. பல பிராண்டு சில்லறை விற்பனையில் 51 சதவீத வெளிநாட்டு முதலீடு என்று 2012-ல் மத்திய அரசு கொண்டு வந்தது வேறு கதை. அதைத் தமிழ்நாடு அப்போதே எதிர்த்தது.

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் சொந்த இடம், அதனால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணம் போகும், அதற்காகவே விலை குறைத்து வாங்கலாம். ரகம் குறைவு, அளவு அதிகம். இன்னொன்றும் உண்டு: பிளாஸ்டிக் டப்பா, பாத்திரம், துணிமணி. அவர்கள் விற்பனையில் ஏறத்தாழ கால்பங்கு இந்தப் பக்கம்தான், லாபமும் இங்கேதான் கூடுதல். பருப்பு வாங்கப் போனவர் வாளியோடு வந்தால் அந்த வாளிதான் சர்க்கரை விலையைத் தாங்குகிறது.

06.10.2025

"அப்ப எப்படித்தான் ஒப்பிடறது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கடையையும் கடையையும் ஒப்பிடாதீங்க. சீட்டைப் பிரிங்க.

முதலில் ரேஷனைக் கழியுங்க. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று கார்டுக்கு வருவதை எந்தக் கடையும் கொடுக்க முடியாது. அதை வாங்கி, வேண்டிய மீதிக்கு மட்டும் சீட்டு எழுதணும்.

அடுத்தது கம்பெனிச் சரக்கு: சோப்பு, பேஸ்ட், டீத்தூள், பிஸ்கட், பாக்கெட் எண்ணெய், சோப்புப் பவுடர். எங்கே வாங்கினாலும் ஒரே பொருள், விலைதான் வித்தியாசம். இதில் பெரிய கடை பெரும்பாலும் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிராமைப் பார்க்கணும். ஒரே பிராண்டு, ஒரே நிறம், அளவு மட்டும் வேறாக வரும். பாக்கெட்டில் அலகு விலை, அதாவது கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று, பொடி எழுத்தில் இருக்கும். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. நீங்கள் கொடுக்கும் விலைக்கு போனில் ஒரு வகுத்தல் போட்டுக்கொள்ளணும்.

எண்ணெயில் இது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே 850 மில்லி பவுச்சும் தொங்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். லிட்டர் 150, 850 மில்லி 138 என்றால் இரண்டாவது மலிவாகத் தோன்றும். நூறு கிராமுக்கு வகுத்தால் முதலாவது 16.48, இரண்டாவது 17.84. மாசம் நாலு பவுச் எடுக்கிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

மூன்றாவது லூஸ் சாமான்: அரிசி, பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், வெல்லம். இங்கே விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். தனியாக எழுதுகிறேன்.

கடைசியாக, மாசத்துக்கு நடுவில் தீர்ந்துபோய் ஓடுகிற சாமான். பத்து ரூபாய்க் கடுகு, ஒரு ஷாம்பு சாஷே, ராத்திரி எட்டரைக்கு ரவை. இதைப் பெரிய கடைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. போக வர 12 கிலோமீட்டர் என்றால் லிட்டருக்கு 50 ஓடுகிற வண்டிக்கும் 24 ரூபாய் பெட்ரோல்.

09.10.2025

"அங்கே துவரம்பருப்பு பளபளன்னு இருக்கு, அண்ணாச்சி கடையில் மங்கலா இருக்கே" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

பளபளப்பு வேகிற தன்மையைச் சொல்லாது அக்கா. மில்லில் மெருகு ஏற்றும்போது லேசாகத் தண்ணீரோ எண்ணெயோ தடவி உருட்டுவார்கள். பார்க்க வேண்டியது மூன்று: குருணை எவ்வளவு, தோல் ஒட்டியது எவ்வளவு, வேக எவ்வளவு நேரம்.

இரண்டு கடையிலும் கால் கிலோ வாங்குங்க. 100 கிராம் எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி உடைசலையும் தூசியையும் தனியே ஒதுக்கி எடை போடுங்க. ஒன்றில் 2 கிராம், இன்னொன்றில் 7 கிராம் வந்தால் கிலோவுக்கு 50 கிராம் வித்தியாசம். கிலோ 130 என்றால் ஆறரை ரூபாய் அங்கேயே போச்சு. பிறகு ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம், ஒரே அளவு பருப்பு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரே விசில் கணக்கு. இறக்கியதும் கரண்டியால் மசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கவனம். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஊற்றணும். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகம் இருந்தால் நல்ல பருப்பும் வேகாது. பருப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் குடிதண்ணீரில் ஒருமுறை வைத்துப் பாருங்க.

உளுந்துக்கு வேறு சோதனை. 100 கிராம் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து எடை போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரணும். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்து, ஒரே சொம்பில் மாவின் அளவைப் பாருங்க. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். அமுங்கினால் அரைத்தது போதவில்லை, அல்லது உளுந்து பழசு. இட்லி வீட்டில் உளுந்தில் கிலோவுக்கு பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, பொங்காத மாவுக்காகக் கூட ஒரு பிடி போட்டால் மிச்சம் எங்கே?

09.10.2025, இரவு

பாக்கெட்டில் இருப்பது "பேக் செய்த தேதி". உடைத்த தேதி இல்லை, அறுவடைத் தேதியும் இல்லை. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மாசக்கணக்கில் கிடந்த பருப்பை நேற்று பாக்கெட் போட்டாலும் நேற்றைய தேதிதான் வரும். அப்படிக் கிடந்த பருப்புதான் எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி நிற்கும்.

12.10.2025

"அண்ணாச்சி எடையில் அடிப்பார், பாக்கெட்டில் அந்தத் தொல்லை இல்லை" என்று எழுதியவருக்கு.

பாக்கெட்டுக்கும் சட்டத்தில் கூடக்குறைய இடம் உண்டு. 500 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை 15 கிராம். எல்லா பாக்கெட்டும் குறையலாம் என்று அர்த்தம் இல்லை, சராசரி சரியாக வரணும். கவர் எடை அதில் சேராது.

கடைத் தராசில் பார்க்க வேண்டியது முன்பக்கம் ஒட்டிய சின்னத் தகடு. மளிகைக் கடைகளில் அதிகம் இருப்பது 30 கிலோ தராசு. அதில் அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், e = 5 கிராம் என்று எழுதியிருக்கும். 100 கிராமுக்குக் கீழே அந்தத் தராசு காட்டும் எண்ணை நம்பக்கூடாது என்பதுதான் அதன் பொருள். ஐந்து ஐந்து கிராமாகத்தான் அது தாவும். 50 கிராம் மிளகை அதில் நிறுத்தினால் ஐந்து கிராம் முன்னே பின்னே போகலாம், அதாவது பத்தில் ஒரு பங்கு. யாரும் அடிக்கவே வேண்டியதில்லை, தராசே அப்படி. மிளகு, ஏலக்காய், கிராம்பு, கசகசா எல்லாம் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு உள்ள கடையில் வாங்குங்க, இல்லையென்றால் பாக்கெட்டில் வாங்குங்க.

பொருள் வைக்கும் முன் காட்சியில் பூஜ்யம் இருக்கணும். தட்டோ கவரோ வைத்தபின் மறுபடி பூஜ்யம் ஆக்கணும். மின் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டணும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. காய்கறியை அங்கேயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிற பெரிய கடைத் தராசுக்கும் இதே விதிதான்.

15.10.2025

ஜி.எஸ்.டி. பற்றிக் குழப்பம் ஓடுகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம். கண் முன்னால் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. 120 ரூபாய்ப் பருப்பு பாக்கெட்டுக்குள் போனால் 126. லூஸ் பருப்பில் தெருக்கடை போட்டி போட முடிவதற்கு இது ஒரு நல்ல காரணம். பெரிய கடையும் தொட்டியில் கொட்டி லூஸாக விற்றால் அவர்களுக்கும் வரி கிடையாது.

அரிசி 26 கிலோ மூட்டை எப்படி வந்தது என்று கேட்டவருக்கும் இதுதான் பதில். 25-ஐத் தாண்டினால் வரி இல்லை, அதனால் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். ஆகவே 25 கிலோ மூட்டையையும் 26 கிலோ மூட்டையையும் மூட்டை விலையில் ஒப்பிடாதீங்க.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் 18-லிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. சோப்புப் பவுடர் 18-லேயே நிற்கிறது. பழைய எம்.ஆர்.பி. அச்சடித்த சரக்கு இன்னும் ரெண்டு பக்கமும் கிடக்கிறது. பழைய எம்.ஆர்.பி.யில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று போர்டு இருந்தால், அதில் வரிக் குறைப்பு எவ்வளவு, கடைக்காரர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்க.

17.10.2025

தீபாவளிப் பலகாரத்துக்கு: மைதா, டால்டா, பாக்கெட் எண்ணெய், நெய் பெரிய கடையில். கடலைமாவுக்கும் அரிசிமாவுக்கும் கடலைப்பருப்பும் பச்சரிசியும் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வதுதான் நல்லது. முறுக்கு உடையாமல் வருவதும் எண்ணெய் குடிக்காமல் வருவதும் மாவின் பதத்தில் இருக்கிறது. இதில் விலை பேசவே தோன்றவில்லை எனக்கு.

18.10.2025

காய்கறி பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. உழவர் சந்தை இருக்கிற ஊரில் இந்த ஒப்பீடே வேண்டாம். 1999-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியதிலிருந்து அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். காலை ஆறு மணிக்குப் போங்க.

03.11.2025

கடன் நோட்டை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். சம்பளம் வந்து கட்டுகிற வீட்டுக்கு அண்ணாச்சி 5,000 ரூபாயை ஒரு மாசம் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலும் அது 100 ரூபாய். கடன் சொல்லி வாங்குகிறவர் பெரிய கடையின் மிச்சத்திலிருந்து அந்த நூறையும், போக வர ஆகும் செலவையும் கழிக்கணும். கையில் காசு இல்லாத இருபத்தைந்தாம் தேதி யார் அரிசி கொடுப்பார்கள் என்பதும் இருக்கிறது. அதை ரூபாயில் எழுத முடியாது.

ஆனால் ரொக்கமாகவே கொடுக்கிறவர்கள் அந்த வட்டியை அண்ணாச்சிக்கு ஏன் விடணும்? "ரொக்கம், மொத்தச் சீட்டு, என்ன குறைப்பீங்க?" என்று நேராகக் கேளுங்க. கேட்டால் குறைப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் குறைப்பதில்லை.

11.11.2025

ஒரு கடைக்கார அண்ணன் எழுதியிருக்கிறார்: "ஏஜென்சி எனக்குக் கொடுக்கிற ரேட்டை விட டிமார்ட்டில் சில்லறை விலை குறைவு. நான் எப்படிப் பிழைக்கிறது?"

அண்ணா, இது உங்க கடைக்கு மட்டும் நடப்பதில்லை. 2021 கடைசியில் ஏஜென்சிக்காரர்களின், அதாவது கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்குப் போடும் விநியோகஸ்தர்களின், அகில இந்தியக் கூட்டமைப்பு இதற்காகத்தான் கம்பெனிகளோடு மோதியது. அவர்கள் சொன்ன கணக்கு: வழக்கமான விநியோகஸ்தர் வழியில் வாங்கும் கடைக்காரருக்கு 8 முதல் 12 சதவீத லாபம், பெரிய ஆன்லைன் விநியோகக் கம்பெனிகள் வழியில் வாங்கினால் 15 முதல் 20. அந்த இடைவெளியை உங்கள் கல்லாவிலிருந்து அடைக்கப் பார்க்காதீங்க, கடை போய்விடும்.

மக்கள் விலை நினைவு வைத்திருப்பது பத்துப் பதினைந்து பொருளுக்குத்தான்: சர்க்கரை, லிட்டர் எண்ணெய், ஒரு டீத்தூள், ஒரு சோப்புப் பவுடர், இப்படி. இவற்றைக் கிட்டத்தட்ட டிமார்ட் விலைக்கே போட்டு வாசலில் எழுதி வையுங்க. ஏஜென்சி ரேட்டை விட அங்கே குறைவு என்றால் அங்கேயே வாங்குங்க, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு போடுவார்கள், அதற்குள் வாங்கணும். நீங்கள் காம்போசிஷனில், அதாவது சின்னக் கடைகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில், இருந்தால் (விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை, 1 சதவீத வரி) சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி எப்படியும் திரும்ப வராது. அதனால் வரியோடு சேர்ந்த கடைசி விலையை மட்டும் பார்த்தால் போதும். சாதாரணப் பதிவு என்றால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இல்லாமல் வாங்கினால் நஷ்டம்.

ஸ்கீமை, அதாவது கம்பெனி கடைக்காரருக்குத் தருகிற இலவசச் சலுகையை, சரியாகக் கணக்குப் போடுங்க. "12 எடுத்தா 1 இலவசம்" என்றால் பலர் 8.3 சதவீதம் என்று நினைக்கிறார்கள். 13 டப்பாவுக்கு ஒன்று இலவசம், 7.7 சதவீதம்தான். நாலைந்து கடை சேர்ந்து பெட்டியாக எடுத்தால் நல்லதுதான். ஆனால் பில்லை ஒரே ஆள் பெயரில் போடாதீங்க. கொள்முதலும் விற்றுமுதலும் அவர் தலையில் ஏறி, 40 லட்ச ஜி.எஸ்.டி. பதிவு வரம்பையோ காம்போசிஷன் வரம்பையோ தாண்டிவிடும். ஸ்கீமோடு பில்லைப் பிரித்துத் தரச் சொல்லுங்க.

உங்கள் பலம் லூஸ் சாமான். அதில் அடக்கவிலையை ஒழுங்காகப் போடணும். 50 கிலோ பருப்பு மூட்டை 5,500 என்று வைத்தால் கிலோ 110. வண்டி, இறக்குகூலி நூறு ரூபாய், 112 ஆச்சு. தூசி, கல், சிந்தல் என்று ஒரு சதவீதம் போனால் 113. கவர் ஒரு ரூபாய், 114. எட்டு சதவீதம் வைத்தால் 123. பலர் 110-லிருந்து லாபம் போட்டு 119-க்கு விற்றுவிட்டு மாசக் கடைசியில் காசு எங்கே போச்சு என்று தேடுகிறார்கள். மூட்டை எடை சாக்கோடா, சாக்கு நீங்கலாகவா என்றும் கேட்கணும். சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் வரும்.

இரண்டு தரம் வையுங்க, இரண்டையும் திறந்து காட்டுங்க. புடைத்த பருப்பு, கொட்டை எடுத்த புளி, காம்பு கிள்ளிய மிளகாய் என்றால் ஐந்து ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். "இது புது உளுந்து, தண்ணி கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று சொல்லிக் கொடுக்க அந்தப் பெரிய கடையில் ஆள் கிடையாது.

14.11.2025

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்கணும். இரண்டு தரம் வைக்கிற கடையில் மூட்டை சீக்கிரம் தீராது, வண்டு வரும். வாரத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்து, மூன்று வாரத்துக்கு மேல் நிற்கிற சரக்கை மூட்டையாக எடுக்க வேண்டாம். பக்கத்துக் கடையோடு பாதி பாதி பிரிக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: சீல் போட்ட பாக்கெட்டில் வண்டு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முட்டை உள்ளேயே இருந்தால் பொரிக்கும். கொண்டை கடலை, பாசிப்பயறு, ரவை இதையெல்லாம் வாங்கியதும் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுத்து, ஈரம் காய்ந்தபின் டப்பாவில் போடுங்க.

02.12.2025

"மலிவாக் கிடைக்கிற வரைக்கும் வாங்குவோம், போனாப் போகட்டும், அண்ணாச்சி கடைக்குத் திரும்பிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுபிக்ஷாவை நினைத்துப் பாருங்க. 1997-ல் சென்னையில் ஆரம்பித்தார்கள். ஏசி இல்லாத சின்னச் சின்னக் கடை, எல்லாம் தள்ளுபடி விலை. நாடு முழுக்கச் சுமார் 1,600 கிளை வரை போனது. வேகமாகக் கடை திறந்த அளவுக்குக் கையில் பணம் இல்லை, 2009-ல் ஷட்டர் இறங்கியது. டிமார்ட் கடன் வாங்கி அப்படி ஓடவில்லை, அதனால் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல மாட்டேன். நான் சொல்வது தெருக்கடையைப் பற்றி. ஏஜென்சி லைன், கடன் நோட்டு, மண்டியில் நம்பிக்கை, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு மளிகைக் கடை. ஒருமுறை மூடினால், நாம் திரும்பிப் போகும்போது அங்கே செல்போன் கடை இருக்கும்.

தானமாக வாங்கச் சொல்லவில்லை. அவர் சரக்கு நன்றாக இருக்கிற சாமானை அவரிடம் முழுசாக வாங்குங்க என்கிறேன். பெரிய கடையில் எல்லாம் வாங்கிவிட்டு, உப்புக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் அவரிடம் போனால் அவர் எதை வைத்து ராத்திரி ஒன்பது வரை கடை திறப்பார்?

04.12.2025

முதல் கேள்வி கேட்டவர் சீட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்து அனுப்பியிருக்கிறார். கம்பெனிச் சரக்கில் அண்ணாச்சி விலையை விட 310 ரூபாய் குறைவு. பாக்கெட் பருப்பு, உளுந்து, மிளகாயில் 85 ரூபாய் கூடுதல். பெட்ரோல் 24. சீட்டில் இல்லாமல் தள்ளுவண்டியில் ஏறியது 640, அதில் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு டோர்மேட்டும்.

ஆக, நிஜ மிச்சம் 201. டப்பா தேவையா இல்லையா என்பது அவர் வீட்டு விஷயம். இனி கம்பெனிச் சரக்கை இரண்டு மாசத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுங்க, பெட்ரோலும் பாதி, தள்ளுவண்டியில் ஏறுவதும் பாதி. லூஸ் சாமானை அண்ணாச்சியிடம் ரொக்கத்துக்கு.

08.01.2026

பொங்கல் வருவதால் வெல்லம் பற்றிக் கேட்கிறார்கள். வெளிறிய மஞ்சளில் பளிச்சென்று இருப்பதை ஒதுக்குங்க, அது ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். கரும்பழுப்பு, உடைத்தால் உள்ளேயும் அதே நிறம், நாக்கில் உப்பு தட்டக்கூடாது. பாக்கெட்டில் உடைத்துப் பார்க்க முடியாது, கடையில் முடியும். பச்சரிசி புதுசா என்று கேட்டு வாங்குங்க. புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்கணும், இல்லையென்றால் குழைந்துவிடும்.

எடை குறைந்தது, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள், அலமாரியில் ஒரு விலை பில்லில் ஒரு விலை: எந்தக் கடையானாலும் பில்லோடு அங்கேயே கேளுங்க. தீரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் புகார் நிற்காது, அதனால் அண்ணாச்சியிடமும் பில் கேட்டு வாங்குங்க.